ஒன்பது வாட்

பீன்யா செகண்ட் ஸ்டேஜ்,
கியர் கம்பெனிக்கு மேல்மாடியில் எங்கள் டெஸ்டிங் ரூம்.
உள்ளெல்லாம் வெள்ளை பூசிய இரும்புக் கோளம்,
ஓர் ஆள் குனிந்து நுழையலாம்.
அதற்குள் பல்பை மாட்டிக் கதவைச் சாத்துவேன்.
எத்தனை வெளிச்சம் என்று கம்ப்யூட்டர் சொல்லும்.
வெளியே நிற்கிற எனக்கு ஒரு பொட்டும் தெரியாது.

ஒன்பது வாட் கொடுத்தால் தொள்ளாயிரம் லூமன்.
போனதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்,
மிச்சம் பின்பக்கம் இறங்கி அலுமினியத்தைச் சுடும்.
முன்னே குளிர்ந்த முகம், பிடரியில் காய்ச்சல்.
பழைய குண்டு பல்பு அப்படியில்லை,
கோபம் வந்தால் எல்லாப் பக்கமும் காட்டும்.

இன்று கிரிமல்லப்பா சார்
எஸ்.பி. ரோட்டு ஆர்டரோடு வந்தார்.
அதே சிப், அதே தட்டு.
அட்டைப்பெட்டியில் மட்டும் பன்னிரண்டு என்று
அச்சாகிவிட்டதாம், இருபதாயிரம் பெட்டி.
"ஸ்வல்ப கரண்ட் ஏத்தும்மா."

ஏற்றினேன்.
பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
ஆயிரத்து இருநூறு வரவேண்டிய இடத்தில்
ஆயிரத்து நாற்பதில் நின்று
அரை மணியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுக்கு இறங்கியது.
அடிப்பாகத்தில் கட்டைவிரலை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.
கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொள்கிறது,
திருப்பித் தருகிறபோதுதான் கை சுருங்குகிறது.
ஓவர்டைம் பார்த்த மாதங்களில்
என் சம்பளச் சீட்டிலும் இதே வளைவு.

"இதைவிட நல்ல சிப் வராதா?"
வரும் சார்.
சூடே இல்லாத சிப் வந்தாலும்
வாட்டுக்கு முந்நூற்றுச் சொச்சம்தான் வெள்ளை வெளிச்சம்.
மேலே போகாது.
மனுஷக் கண் போட்ட சுவர் அது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ரிப்போர்ட்டில் ஒன்பது என்றே எழுதினேன்.
கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டு போனார்.

லக்கெரேயில் எங்கள் ரூமுக்கு சப்மீட்டர்.
யூனிட் பத்து ரூபாய்,
ஹீட்டர் கூடாது, இஸ்திரி ஞாயிறு மட்டும்.
பல்பைப் பற்றி ஓனரம்மா எதுவும் சொன்னதில்லை.
பெனாசிர் நைட் ஷிப்டுக்குப் போய்விட்டாள்.
விளக்கை அணைத்துப் படுத்தேன்.

அணையவில்லை.
சுவிட்சின் சிவப்புப் பொட்டு வழியே கசிகிற மின்சாரத்தில்
சாம்பல் நிறத்தில் தொங்கியது,
எரிகிறதா இல்லையா என்கிற அளவுக்கு.
கோளத்தில் மாட்டினால் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்றே சொல்லும்.
மீட்டரும் அசையாது.

என் செருப்பில் ஒன்று
கட்டிலுக்கு அடியில் போய்விட்டது,
தெரிகிறது.