கோளாறு: ஏதுமில்லை

தால்காவானோ துறைமுகத்துக்கு மேலே
நூற்றுப் பதினேழு படி.
கருவிப் பையோடு ஏறிப் போனேன்.
ஒர்தென்சியா கதவை விட்டு உள்ளே வரவில்லை.
"உறுமுகிறது" என்றாள்.

வாஷிங் மெஷினின் முதுகைக் கழற்றினேன்.
பெல்ட் சரி. பேரிங் சரி.
உருளை பிசிறில்லாமல் சுற்றியது.
உறுமத்தான் செய்யும், சென்யோரா,
சுற்றுகிற எதுவும் உறுமும்.

"அன்றைக்கும் முதலில் சத்தம்தான் வந்தது.
அடியிலிருந்து.
தரை பிறகுதான்."

முதலில் லாரிகளாம்.
சரிவில் ஒன்று கியர் மாற்றினால்
அலமாரியில் குவளைகள் கிலுகிலுக்கும்,
இவள் வாசல் நிலையைப் பிடித்து நிற்பாள்.
அப்புறம் ஃபிரிட்ஜ். இரவில் அணைத்துவிடுவாள்,
காலையில் பால் திரிந்திருக்கும்.
மேல்வீட்டு நெமெசியோ நாற்காலி இழுப்பது.
தேவாலயத்து ஆர்கனில் அந்த அடிக்குரல் கட்டை,
அதனால் ஞாயிறு பூசையும் போயிற்று.

கடைசியாகப் பூனை.
ஆறு வருஷமாக அவள் மடியில் தூங்கியது
ஒரு மாலை கண்ணை மூடிக் குறுகுறுத்தது.
அவள் எழுந்த வேகத்தில்
சுவரில் போய் மோதியது.

இப்போது யார் எழுந்தாலும் அது ஓடுகிறது.
நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்:
கட்டிலடியில் ஒரு வால்,
அதுவும் உள்ளே இழுபட்டது.

பயம் அதிகம் படித்ததில்லை.
அதற்குத் தெரிந்தது ஒரே சொல், 'போல'.
அந்த ஒற்றைக் கயிற்றை வைத்துக்கொண்டு
பூனையையும் பூமியையும்
ஒரே முளையில் கட்டிவிடுகிறது.

பில்லில் எழுதினேன்: கோளாறு, ஏதுமில்லை.
"அப்படி எழுதாதீர்கள்" என்றாள்.
"மகன் பார்ப்பான்.
ஏதாவது ஒன்று உடைந்திருந்ததாக எழுதுங்கள்."

யோசித்து,
மெஷினின் நான்கு காலுக்கும்
ரப்பர் வில்லை வைத்தேன்.
வில்லைக்குக் காசு வாங்கவில்லை.
சத்தம் கொஞ்சம் குறையும்.
கொஞ்சம்தான்.

அந்த அதிகாலை நான் இந்த ஊரிலேயே இல்லை.
வடக்கே, இக்கிக்கேயில்,
மச்சான் வீட்டு சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.
எதுவும் ஆடவில்லை எனக்கு.

இறங்கும்போது பாதிப் படியில்,
கீழே மீன் லாரி ஒன்று கிளம்பியது.

பார்த்தால்
என் கை கைப்பிடிக் கம்பியில் இருக்கிறது.
விரல் வெளுக்கும்படி.

லாரி திரும்பிப் போய்விட்டது.
இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்,
பையில் ஸ்பேனர்கள்
ஒன்றோடொன்று தட்டிக்கொள்வதை
நிறுத்தட்டும் என்று.