மைனஸ் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் சாலையில் ஒரு எடைமேடை.
கிழங்கு லாரி ஏறி நின்றது.
திரையில் விழுந்த எடை
மைனஸ் முப்பத்திரண்டாயிரத்து
முந்நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ.

"அப்போ மில்லுக்காரருக்கு நாந்தான் பணம் தரணுமா?"
டிரைவர் சிரித்தாராம்.
செங்கோடன் சிரிக்கவில்லை.
பின்னால் ஒன்பது லாரி.
பிடுங்கிய கிழங்கு வரிசையில் நிற்காது,
நிற்க நிற்க மாவு இறங்கும்.

முதலில் ரெஜினாவுக்குப் போன் போயிற்று.
பில் போடும் பைத்தான் அவளுடையது.
"என் பக்கம் சரி. உன் லைப்ரரியைப் பார்."
அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்,
அதுதான் எரிச்சல்.

சூரமங்கலத்து வாடகை அறையில்
ஐந்து வருடம் முன்பு சி-யில் எழுதியது.
சீரியல் கேபிளில் வரும் எண்ணைப் படித்து
கேட்டவருக்குச் சொல்லும்.
மெயின் கிடையாது, திரை கிடையாது,
தானாக எழுந்து ஓரடி வைக்காது.
கோப்பின் பெயர் முடிகிற இடத்தில் ஒரு புள்ளி,
பிறகு எஸ்ஓ.
புள்ளி வைத்த மெய்யெழுத்து அது.
யாராவது உயிரோடு வந்து சேர்ந்தால்தான்
'க்' என்பது 'கா' ஆகும்.

ஹெடரைத் திறந்தேன்.
'ஷார்ட் எடை_படி.'
இரண்டே பைட்.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரை
நல்ல பிள்ளை.
அதற்கு மேல் ஒரு கிலோ ஏறினாலும்
பாதாளத்தின் அடியிலிருந்து எண்ணத் தொடங்கும்.
அன்று எனக்குத் தெரிந்த லாரிக்குப் பத்துச் சக்கரம்.
பன்னிரண்டை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஷார்ட்டை அடித்து இன்ட் என்று எழுத
மூன்று நொடி போதும்.
விரல் போய்த் திரும்பி வந்தது.
வாழப்பாடியில் ஒருவர் ஜாவாவிலிருந்து கூப்பிடுகிறார்.
மேட்டூர் ரோட்டில் ஒரு கல் கிடங்கு, பெர்லில்.
பென் டிரைவில் எடுத்துப் போனவர்கள்
எத்தனை பேரென்று யாருக்குத் தெரியும்?
கூப்பிடுகிறவர்களுக்கு என் பெயர் மனப்பாடம்;
எனக்கு அவர்களைத் தெரியாது.
ஆனாலும் கையெழுத்துப் போட்டது நான்.

பழையதைத் தொடாமல்
பக்கத்தில் ஒரு புதுப் பெயர் வைத்தேன்: எடை_படி_2.
நான்கு பைட்.
ஷேர்ட் என்று கம்பைல் செய்து அனுப்பினால்
"அப்படி ஒரு பெயரே இல்லையாம்" என்கிறாள் ரெஜினா.
பார்த்தால், அவசரத்தில் ஒட்டிய வரியில்
ஒரு ஸ்டாடிக் மிச்சம்.
வெளியே கூப்பிட வைத்த பிள்ளையை
உள்ளே விட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறேன்.
எடுத்தேன். மறுபடி அனுப்பினேன்.

ஏழே முக்காலுக்கு செங்கோடன் ஒரு படம் அனுப்பினான்,
தலைப்பில்லாமல்:
33,140.
ஜன்னலில் ஏற்காட்டுப் பாதை
விளக்கு விளக்காக வளைந்து ஏறிக்கொண்டிருந்தது.

பழைய எடை_படி உள்ளேயேதான் இருக்கிறது.
இந்நேரம் எங்கோ யாரோ அதைக் கூப்பிட்டிருக்கலாம்.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு கிலோ வரை
அது பொய் சொல்லாது.