பதினோரு கிராம்

முதலில் அவனை உடையோடு நிறுத்தார்கள்.
பிறகு என்னிடம் தந்தார்கள். இருபது நிமிடம்.
மறுபடி அதே உடை, அதே டயபர், அதே தராசு.
நனைந்திருந்தாலும் மாற்றக் கூடாது என்பது விதி.
கழித்துப் பார்த்தால்
பதினோரு கிராம்.

செவிலி இவொனெச்சி பென்சிலால் எழுதினாள்.

லோண்ட்ரினாவில் ஜூலை. ஜன்னல் கம்பியில் குளிர்.
செம்மண் யாருடைய காலணியிலோ ஒட்டிக்கொண்டு
மூன்றாம் மாடிவரை வந்திருக்கிறது.

பேருந்தில் ஒருத்தி என் மார்பைப் பார்த்துச் சொன்னாள்:
"உன் பிள்ளைக்கு என்னம்மா குறை."
நானும் சிரித்து வைத்தேன்.
ஏரியளவு கரை,
உள்ளே உள்ளங்கையளவு தண்ணீர்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று.
நகம் பூசும் கடையில் வேலை. முப்பத்தாறு தவணை.
"பிள்ளை பெறும் எண்ணம் உண்டா?" என்றார் மருத்துவர்.
கூட வந்த ரொசில்டாவைப் பார்த்துச் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை அவர்
'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.
காம்பைச் சுற்றி அரைவட்டமாக அறுத்தால்
தழும்பு தெரியாது என்றார்.
தெரியவில்லைதான். நல்ல தையல்.
அதன் அடியில் எத்தனை வழிகள் அறுந்தன என்று
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வருத்தமா என்று மட்டும் கேட்காதீர்கள்.
தங்கை கல்யாணத்தில் மஞ்சள் உடையில்
தோளைக் குறுக்காமல் நான் நின்றதை
நீங்கள் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் இரவு பால் வந்தது.
வந்தது, வெளியே வரவில்லை.
வலப்பக்கம் கல்லாய்க் கட்டிக்கொண்டது,
சிலிக்கானுக்கு மேல் இன்னொரு சுவர்.
வெந்நீர்த் துணி. முட்டைக்கோஸ் இலை. காய்ச்சல்.
காவான் கத்திக்கொண்டே வலதைக் குத்தினான்,
சாத்திய கடையின் கதவைத் தட்டுவதுபோல.
உள்ளே விளக்கு எரிகிறது, ஆள் இருக்கிறது.
சாவிதான் இல்லை.

லாரியோடு மாத்து குரோசுவில் இருந்த ஜுசிமார்
போனில் சொன்னான்:
"டப்பாப் பால் வாங்கிக்கலாமே, இப்ப என்ன?"
ஒன்றுமில்லைதான்.
ஒன்றுமில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டு
ஒரு மணி நேரம் அழுதேன்.

பணப்பையில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கிடந்தன.
தடுப்பூசி அட்டை அவனுடையது.
மற்றது என் மார்பினுடையது:
வரிசை எண், தேதி, இடது, வலது,
ஒவ்வொன்றும் முந்நூறு மில்லி.
அவன் ஒரு நாளுக்குக் குடிக்க வேண்டியதும் அதுதான் என்று
காலையில்தான் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள் இவொனெச்சி.
தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.
பக்கத்துக் கட்டில்காரி பயந்து மணியடித்தாள்.

ஒரு காபிக் குப்பியோடு வந்தாள் இவொனெச்சி.
கண்ணாடிக் குப்பி, பிளாஸ்டிக் மூடி,
பழைய லேபிளை உரித்த பிசுபிசுப்பு.
தீயணைப்புப் படைக்காரர்கள் வீடு வீடாகப் போய்
இப்படி வாங்கி வருகிறார்களாம்.
யாருடைய பால் என்று கேட்டேன்.
குப்பியில் எண் மட்டும்தான் இருந்தது.

நூல்போல ஒரு குழாய்.
ஒரு முனை கிண்ணத்தில்,
மறுமுனை என் காம்போடு ஒட்டிய பிளாஸ்திரியில்.
அவன் கவ்வினான். இழுத்தான்.
குழாயில் வெள்ளை ஏறி வந்தது.
இந்த ஊரில் எவளோ ஒருத்தி
தன் பிள்ளை தூங்கும் நேரத்தில்,
அடுப்பில் சோறு கொதிக்க, நின்றுகொண்டே பிழிந்த பால்
என்னிடமிருந்து வருவதுபோல் வந்தது.
ஏமாற்று வேலைதான்.
அவன் காதுமடல் அசைய அசைய விழுங்கினான்.
இடப்பக்கம், யாரும் கேட்காமலே,
என் சட்டை நனைந்தது.

ஒன்பதாம் நாள் குழாயில்லாமல் இருபது நிமிடம்.
அதே உடை, அதே டயபர், தராசு.
பத்தொன்பது.
"பேனாவால் எழுதுங்கள்" என்றேன்.
இவொனெச்சி பையில் தேடினாள், கிறுக்கிப் பார்த்தாள்,
மை தீர்ந்திருந்தது.
அதே பென்சிலை எடுத்து
அடுத்த தாளிலும் பதியும்படி
அழுத்தி எழுதினாள்.