கால் மில்லிமீட்டர்

மீன் வாடையோடு வந்தது சிலிண்டர்,
முகத்துவாரத்திலிருந்து, பிலேந்திரனின் மடியில்,
சிவப்பு ஷொப்பிங் பையில்.
"ரிங் மட்டும் மாத்தினாக் காணும் அண்ணே.
புகை கொஞ்சம், ஏத்தத்தில இழுக்குதில்லை, அவ்வளவுதான்."

காணாது.
பெற்றோல் வரிசைக் காலத்தில்
இது மண்ணெண்ணெய் குடித்திருக்கிறது.
கேட்டால் எவரும் ஒப்புக்கொள்வதில்லை,
இரும்பு ஒப்புக்கொள்ளும்.
கண்ணுக்கு வட்டம்,
டயல் கேஜுக்கு முட்டை.
சைலன்சர் பக்கச் சுவரில்
பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டிய
வெள்ளிக் கோடு, ஒரு விரல் நீளம்.

பஞ்சிகாவத்தையில் எதையும் வாங்கலாம்.
லொறிக்கு மூக்கு, வேனுக்குக் கதவு,
நேற்றிரவு தொலைந்த உங்கள் பக்கக் கண்ணாடியை
இன்று காலை உங்களுக்கே விற்பார்கள்.
ஆனால் இந்தக் கிழட்டுச் சுசுகிக்கு
ஐம்பது ஓவர்சைஸ் பிஸ்டன்
ஏழாவது கடையில்தான் இருந்தது.
மர்ஜான் விலையைச் சொன்னான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பிஸ்டன் கைக்கு வருமுன் வெட்டமாட்டேன்.
பெட்டியில் அச்சடித்த அளவு பெட்டியின் அளவு.
மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்த பிறகுதான் மெஷின்.
கத்தி இறங்கும், கரும்பொடி கொட்டும்;
வார்ப்பிரும்பு சுருளாது, மாவாய்த்தான் உதிரும்.
இரண்டு நாளைக்கு மூக்குச்சளி கறுப்பு.
கடைசியில் சமிந்த ஹோன் போடுவான்
மேலும் கீழும், மேலும் கீழும்,
பன்பாய்ப் பின்னல் மாதிரி
எண்ணெய் தங்கக் குறுக்குக் கீறல்கள்.
இடைவெளி நூறில் நாலு.
ஒரு தலைமயிர் நுழையாது.

"வாழ்க்கையும் இப்படித்தானே" என்றார்
பக்கத்தில் நின்ற வங்கி உத்தியோகத்தர்.
அவருடைய வெஸ்பாவில் அது நூறில் இருபது.

டூ ஸ்ட்ரோக் சுவரில் ஜன்னல்கள் உண்டு.
வெட்டி முடித்ததும்
ஒவ்வொரு ஜன்னல் விளிம்பும் சவர அலகு.
அரம் பிடித்து மழுக்கவேண்டும்,
இல்லாவிட்டால் ரிங் தடுக்கும்,
நிமிடத்துக்கு ஐயாயிரம் தரம் தடுக்கும்.
அரத்தை எடுத்த நேரம் போன் வந்தது.
மகளின் பள்ளிக்கூடம், வகுப்பறைக்கு மின்விசிறி,
ஆளுக்கு எவ்வளவு என்று.
கதைத்து முடித்தேன், கழுவினேன், துடைத்தேன்,
கொடுத்துவிட்டேன்.

நாலாம் நாள்
பேலியகொடையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான்,
களனிப் பாலத்தின் முழு ஏற்றமும்.
பின்பெட்டி ஐஸ் தண்ணீராகிச்
சங்கிலியில் ஒழுகியது.
கழற்றினோம். ரிங் மூன்று துண்டு.
புதுச் சுவரில் உழவு போட்டமாதிரி.
"என்ர பிழைதான் அண்ணே,
ஒயில் குறைச்சுக் கலந்திட்டன் போல."

"இல்லை," என்றேன். "அரம் போடேல்லை. நான்தான்."
சமிந்த சாக்கைக் கழுவப் போய்விட்டான்,
கழுவ ஒரு சாக்கும் இருக்கவில்லை.
பிலேந்திரன் சிரித்தான்.
"காசு வேணாம் எண்டால் சரி."

காசு வேண்டாம். பிஸ்டனும் என் செலவு.
எழுபத்தைந்துக்கு வெட்டினேன்.

இந்த இரும்புக்கு நாலு தரம்தான்:
இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு.
அதற்குமேல் சுவர் தாங்காது.
இருபத்தைந்தை யாரோ எப்போதோ செலவழித்தார்கள்.
ஐம்பது, ஓடியிருந்தால், ஆறு ஏழு வருடம்.
அவன் மகன் பல் முளைத்துப் பள்ளிக்கூடம் போகும்வரை.
நாலு நாளில் தின்றேன் நான்.
அதை எந்த பில்லில் கழிப்பது என்று தெரியவில்லை.
அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
விளிம்புச் செதிலில் 75 என்று
பஞ்சால் அடித்தேன், சற்றுக் கோணலாக.

ஸ்டார்ட் ஆனது, முதல் உதையில்.
வெள்ளைப் புகை, பிறகு நீலம், பிறகு ஒன்றுமில்லை.
போகும்போது பேப்பரில் சுற்றிய பாரையொன்றை
வைஸ் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்,
நன்றியென்று.

அன்றிரவு வீட்டில் பாரைக் குழம்பு.
மெஷினை நிறுத்தமுன் ஒவ்வொரு ஜன்னலிலும்
சுட்டுவிரலை விட்டுத் தடவியிருந்தேன்,
ஒருமுறை அல்ல, ஐந்தாறு முறை.
மழுங்காத ஓரிடம் இருந்திருக்கிறது.
எங்கே கீறியது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.
சோற்றைப் பிசைந்தபோது
உப்பும் தூளும் கண்டுபிடித்தன.