பத்தொன்பது

அக்டோபரில் படிவம் வரும்.
கல்லூரியின் எண்களை நிரப்புவது நான்தான்,
பதினோரு வருடமாக.
நூலகத்துக்குக் கீழே, கொதிகலனுக்குப் பக்கத்து அறை.
விஸ்கான்சினின் வடக்கு ஓரம்;
ஜன்னல் மட்டத்துக்குப் பனி ஏறிவிட்டால்
பகலிலும் விளக்கு எரியும்.

எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்,
எத்தனை பேருக்கு இல்லை என்றோம்.
இல்லை என்பது கூடக் கூட
எங்கள் பெயர் மேலே போகும்,
விருந்துக்குக் கூப்பிட்டு
வாசலோடு திருப்பி அனுப்பியவர்களை எண்ணி
மார்தட்டிக்கொள்ளும் வீடு மாதிரி.

இருபதுக்குக் குறைந்த வகுப்புகள் எத்தனை?
இதற்கு மதிப்பெண் அதிகம்.
டீன் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு வரி வந்தது:
பத்தொன்பதோடு கதவை மூடவும்.

மண்ணியல் வகுப்புக்கு இருபதாவதாக வந்தவள்
பா ஹூவா வாங்.
வௌசா பக்கம், ஜின்செங் தோட்டக்காரர் மகள்.
நகத்தில் இன்னும் மண் இருந்தது.
பேராசிரியர் ருட்கோவ்ஸ்கி பட்டியலைப் பார்த்தார்,
அவளைப் பார்த்தார்,
ஜன்னல் விளிம்பைக் காட்டினார்.
அங்கேயே உட்கார்ந்தாள்,
ரேடியேட்டர் மேல் காலை வைத்துக்கொண்டு,
பனி உருகும்வரை.
கணக்கெடுக்கப் போனபோது நானே பார்த்தேன்.
திரும்பி வந்து
பத்தொன்பது என்று அடித்தேன்.

இரண்டு இடம் முன்னேறினோம். கேக் வெட்டினார்கள்.
எனக்கு ஓரத்துத் துண்டு,
க்ரீம் நிறைய.

என் மகள் லின்னேயா
அதே பட்டியலை அச்சிட்டு
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்.
முப்பதுக்குக் கீழே சிவப்புக் கோடு.
நான் வேலை பார்க்கும் இடம் மூன்றாம் பக்கம்.
மூன்றாம் பக்கத்தை அவள் அச்சிடவே இல்லை.
பால் எடுக்கப் போகும்போதெல்லாம்
அதன் முன்னால் நிற்கிறேன்,
உப்பு கூடிய தன் குழம்பை
ஊரே மெச்சுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்
சமையல்காரி போல.

ஏப்ரலில், ஒன்பது மணி நேரம் காரோட்டி
ஏழுக்குப் போனோம்.
ஏழு என்றுதான் சொல்வாள், பெயர் சொல்ல மாட்டாள்.
சுற்றிக்காட்டிய பையன் பின்னோக்கியே நடந்தான்,
ஒரு கல்லிலும் இடறவில்லை.
கேள்வி உண்டா என்றான்.
"ராத்திரி சாப்பிட யாரோட உட்காருவீங்க?"
இவள்தான் கேட்டாள்.
சிரித்தான்.
"முந்நூற்றுப் பன்னிரண்டு மன்றங்கள் இருக்கு."
அதுவரை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தவள்
அதை மட்டும் எழுதவில்லை.

திரும்பும் வழியில், ஒரு பெட்ரோல் பங்க்கில்,
பாலாடைக்கட்டித் துண்டுகளை மென்றுகொண்டிருந்தாள்.
பல்லில் கீச்கீச்சென்றது.
ஜன்னல் விளிம்பைப் பற்றிச் சொன்னேன்.
புத்திமதிக்காக அல்ல;
மீன்முள் போல் தொண்டையில் இருந்தது, அதனால்.

"அப்ப அது பொய்யா?"
"எண் சரிதான். நாற்காலி பத்தொன்பதுதானே."

நாற்பது மைல் பேசவில்லை. பிறகு,
"அந்தப் பொண்ணு என்ன ஆனா?"
"தெரியாது.
அவ என் கணக்குல இல்லையே."

மே முதல் தேதி பணம் கட்டினோம்.
எத்தனையாவது என்கிறார்கள், மளிகைக் கடையில்கூட.
எண் கிடையாது.
படிவமே அனுப்பாத கல்லூரி அது;
அங்கே என்னைப் போல் ஒருத்திக்கு வேலையில்லை.
பார்க்கப் போன அன்று, சாப்பாட்டுக் கூடத்தில்,
தட்டோடு இவள் நின்றபோது
யாரோ ஒருத்தி
பேச்சை நிறுத்தாமலே
தன் பையை நகர்த்தி இடம் விட்டாளாம்.
அவ்வளவுதான் காரணம்.

ஒரு பை நகர்ந்ததற்கா
இத்தனை ஆயிரம் டாலர் என்கிறார் அவள் அப்பா.
அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.
அந்தப் பை நாளைக்கே
பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

பட்டியல் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில்தான்.
ஏழின் மேல்
பல் டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியை
ஒட்டியிருக்கிறாள்.