நிழலுக்கு நின்றவள்

முதலில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது.
முந்தானையைப் போட்டு மூடி
உள்ளே தலையை நுழைத்துப் பார்த்தேன்,
முப்பத்திரண்டு பேரும் சாம்பல் நிறத்தில் நின்றார்கள்.
பிறகு மெதுவானது.
தொட்டால் தொட்டதை யோசிக்கிறது,
யோசித்துவிட்டு மறக்கிறது.
இரண்டேகால் மணிக்கு
கேமராவை அதுவே மூடிவிட்டு
ஒரு வரி எழுதிக் காட்டியது:
சாதனம் சூடாக உள்ளது. ஆறும்வரை காத்திருக்கவும்.

"என்னவாம்ட்டி?" என்றாள் பொன்னுலெட்சுமி
மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றியபடி.
"சூடா இருக்காம். ஆறட்டுமாம்."

குளத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி
கரை ஏறி வந்து அடங்கியது.

செண்பகராமன்புதூர்க் குளம்
சித்திரையில் நொறுங்கிய அப்பளம்.
தாடகை மலை இருந்த இடத்தில்
வெள்ளையாய் ஏதோ நின்றது.
ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காத்தாடிகள்
மூன்று கையையும் விரித்து
எங்களிடம் ஒன்றுமில்லை என்றன.

நூறு நாள் வேலைக்கு நான் மேட்.
மூன்று மணிக்குள் படம் ஏற வேண்டும்.
ஏறாவிட்டால்
இன்று வெட்டிய மண்
இன்று வெட்டப்படவில்லை.

உறையைக் கழற்றினேன்.
உள்ளே மடித்து வைத்த ஐம்பது ரூபாய்,
மகளின் பாஸ்போர்ட் படம்,
என்றைக்கோ ஒட்டிய பிச்சி இதழ் ஒன்று, பழுப்பாய்.
செருகியிருந்த பவர் பேங்கைப் பிடுங்கினேன்.
காய்ச்சல்காரி பக்கத்தில் படுத்த
இன்னொரு காய்ச்சல்காரி அது.
நெட்டை அணைத்தேன். எல்லாவற்றையும் அணைத்தேன்.
ஊதக்கூட ஊதினேன், சவத்தை,
சுக்குக்காப்பிக்கு ஊதுவதுபோல.

"ஐஸ் வண்டி வருமே இப்ப" என்றாள் கிருஷ்ணம்மை.
கூடாது.
கோட்டாற்றில் போன் கடைப் பையன்
திறந்து வைத்த போனைக் காட்டிச் சொன்னது:
சட்டென்று குளிர வைத்தால்
உள்ளே வேர்க்கும்.
உள்ளே வேர்த்தால் அதோடு சரி.

"வெளிய வேர்த்தா?"
"அது நாம."

கரையில் நிற்பது பனை.
அதன் நிழல் ஓராள் அகலம்,
அதுவும் நில்லாமல் நகர்கிறது.
அதில் கஞ்சி வாளிகள் வரிசையாய் இருந்தன.
அவற்றை வெயிலுக்குத் தள்ளிவிட்டு
போனைக் கிடத்தினோம்.
போதாதென்று
நாலுபேர் வந்து சுற்றி நின்றார்கள்,
எட்டுப் பேர்,
பிறகு எல்லாரும்.
முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாய்
முப்பத்திரண்டு பேர்
வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு
வெயிலில் நின்றதற்குச் சாட்சி சொல்லவேண்டிய ஒன்றுக்கு
நிழல் கொடுத்தோம்.

யாரும் பேசவில்லை.
ஞானசௌந்தரி குனிந்து
புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.
"கொஞ்சம் விட்டிருக்கு."

இரண்டு நாற்பத்தெட்டு.
கேமரா கண் திறந்தது.
எல்லாரும் ஓடிப்போய் வரிசையில் நிற்க,
என் கையில் மறுபடி நேர் வெயில்.
கொதிப்பு ஏறுவது உள்ளங்கையில் தெரிகிறது.
மறுபடி மங்குகிறது.

நிழல் வேண்டும் இதற்கு.
நிழல் கொடுக்கிறவள்
போனுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.
பின்னால் நிற்கிறவள்
படத்தில் இல்லை.

இதை நான் சொல்லவே இல்லை.
செல்லத்தங்கம் வரிசையிலிருந்து பிரிந்து
நடந்து வந்தாள், அவசரமில்லாமல்,
தலைத்துண்டை அவிழ்த்து உதறி
என் தலைக்கு மேலே இரு கையாலும் விரித்துப் பிடித்தாள்.
துண்டில் வேர்வையும் வெற்றிலையும் மணத்தன.
"எடு சீக்கிரம். கை கடுக்கு."

எடுத்தேன்.
ஏற்றினேன்.
வட்டம் சுற்றிச் சுற்றி, பச்சையானது.

படத்தில் முப்பத்தோரு பேர்,
கண்ணை இடுக்கிக்கொண்டு.
கீழ் ஓரத்தில், வெடித்த மண்மேல்,
கையை உயர்த்திய ஒரு நிழல்.
பட்டியலில் நிழலுக்கு இடம் கிடையாது,
தட்டித் தட்டிப் பார்த்துவிட்டேன்.

பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது.
தேதி போட்டு, செல்லத்தங்கம் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.
இதைக் காட்டினால்
அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.
அவளுக்கும் தெரியும்.

துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு
மண்வெட்டியைத் தேடியவள்
திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:
"நாளைக்கு நீ புடி.
நான் எடுக்கேன்."