பாலத்தில் வலை கட்டுபவன்

நேற்று நான் கட்டிய கம்பியை
இன்றும் அறுத்திருக்கிறார்கள்.
யமுனைப் பாலத்து வலையில்
ஒரு பூஜைப்பை நுழையும் ஓட்டை.

கார் நிற்கிறது.
செருப்பைக் கழற்றிவிட்டு
பாலிதீன் பையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்:
வாடிய சாமந்தி, ஊதுபத்திச் சாம்பல்,
மூக்குடைந்த லட்சுமி.
"குப்பைத்தொட்டியில் போட்டால் பாவமில்லையா?"
என்னிடம்தான் கேட்கிறார்.

முடிச்சவிழாத பை
நுரைமேல் விழுந்து மூழ்க மறுக்கிறது.
மூக்கைப் பொத்திய கையை எடுக்காமல்
மறுகையால் கும்பிட்டுக் கிளம்புகிறார்.

கீழே தெர்மாகோல் தெப்பத்தில் பில்லு
தேங்காயை மட்டும் பொறுக்குகிறான்.
சாயங்காலம் கடைக்குத் திரும்பிவிடும்.
எத்தனை முறை உடையாமல் குளித்ததோ அது.

கடைசிக் கம்பியை முறுக்குமுன்
சுற்றிலும் பார்க்கிறேன்.
டிபன்பாக்ஸுக்கு அடியில்
ஊர்மிளா வைத்தனுப்பிய பொட்டலம்:
நவராத்திரிக்கு முளைவிட்ட பார்லி, சிவப்புத் துணி.
"மய்யாவிடம் சேர்த்துவிடு" என்றாள்.

ஓட்டையில் இன்னும்
என் கை நுழைகிறது.